கையைக் கட்டு, வாயைப் பொத்து: கை உதறும் ஒரு பையனின் நிகழ்வு ஆய்வு

அந்தப் பள்ளியிலிருந்து எங்கள் வட்டார வள மையத்துக்கு வந்த கடிதத்தில் பையனைப் பற்றி ஒன்றரை வரிதான் இருந்தது. "இரண்டாம் வகுப்பு. கை உதறும் பழக்கம் உள்ளது, மற்ற மாணவர்களுக்கு இடையூறு." பேசுகிறானா, எழுதுகிறானா, எதற்குச் சிரிப்பான், ஒன்றும் கிடையாது. 14 வருடமாகச் சிறப்பாசிரியர் வேலையில் இருக்கிறேன். கையை மட்டும் எழுதிவிட்டு ஆளை விட்டுவிடும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை.

கோவைப் பக்கத்துக் குடும்பம். பெற்றோர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையனுக்கு அப்போது 7 வயது, ஆட்டிசம் உள்ளவன், அதாவது பேச்சும் பழகும் விதமும் புலன்கள் உணரும் விதமும் சிறு வயதிலிருந்தே மற்றவர்களிலிருந்து வேறுபட்டவன். ஒற்றைச் சொற்களாகப் பேசுவான், வாக்கியம் வராது. எண்கள் என்றால் உயிர். அப்பாவுக்கு லேத் பட்டறையில் கடைசல் வேலை. அம்மா பன்னிரண்டாவது முடித்தவர், வீட்டிலிருந்தே தையல். கூடவே அப்பத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர்.

வீட்டுக்கு முதலில் போனது ஒரு சனிக்கிழமை காலை. இட்லிக்கு உளுந்து கிரைண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் கிரைண்டர் சத்தம் இல்லாத வீடு ஏது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. பையன் கவனித்துக்கொண்டிருந்தான். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நின்று, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஈரத்தை உதறுவதுபோல் விரல்களை உதறிக்கொண்டிருந்தான். கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். அம்மா இன்னும் ஒரு பிடி உளுந்தை அள்ளிப் போட்டார். பாரம் ஏறியதும் மோட்டார் சத்தம் கொஞ்சம் இறங்கியது. அவன் முனகலும் அதே அளவு இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பையன் மோட்டாரோடு சுருதி சேர்ந்து நிற்கிறான். முகம் பூராவும் சந்தோஷம்.

"பாத்தீங்களா அம்மிணி, இதேதானுங்க. காக்கா ரெக்க அடிக்கிறாப்புல" என்றார் அப்பத்தா. நாலு வீடு கேட்கிற குரல். சொல்லிக்கொண்டே அவன் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார். கோபமெல்லாம் இல்லை, கொசுவைத் தட்டுகிற மாதிரிதான். கை இறங்கியது, முனகல் நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதே மணிக்கட்டை வாயில் வைத்துக் கடித்தான். கையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வளைவாகப் பல் தடம், அதன்மேல் தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்திருந்தது.

பள்ளிக் கடிதத்தில் அந்தக் காய்ப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் தன்னைக் கடித்துக்கொள்வது யாருக்கும் இடையூறு இல்லை போலிருக்கிறது.

இந்த உதறலுக்கு ஸ்டிம்மிங் என்று பெயர். தன்னைத் தானே தூண்டிக்கொள்வது என்ற பொருளில் மருத்துவர்கள் வைத்த நீளமான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. இப்போது ஆட்டிசம் உள்ளவர்களே அதைத் தங்கள் சொல்லாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே இருப்பது, சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நிற்பது எல்லாம் இதில் சேரும். ஆட்டிசத்தை மருத்துவ உலகம் அறிய வைத்த 1943ஆம் வருடத்துக் கட்டுரையில் மனநல மருத்துவர் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். முதல் பிள்ளை டொனால்ட், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரன். கட்டை, சட்டி, கையில் கிடைத்த உருண்டைப் பொருள் எதையும் சுழற்றிவிட்டு ரசிப்பான். அந்த டொனால்ட் டிரிப்லெட் 2023இல் தம் 89ஆம் வயதில் இறந்தார். ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், கார் ஓட்டினார். ஊர் அவரை அவர் போக்கில் விட்டது. அந்த வங்கி அவருடைய அம்மாவின் குடும்பத்துடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசிருக்கிற வீட்டுப் பிள்ளை ஆடினால் 'ஒரு மாதிரியான ஆள்' என்பார்கள், இல்லாத வீட்டுப் பிள்ளை ஆடினால் வேறு பெயர்.

நம் ஊர்த் தாள்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று ஒரு பெயர் உண்டு. ஒரு பிடி உளுந்துக்கு மோட்டார் சத்தம் எவ்வளவு இறங்கும் என்று அறிந்த பையனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லையாம். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70ஐத் தொடாவிட்டால் ஆட்டிசம் இல்லை, 153ஐத் தாண்டினால் தீவிரம். திரும்பத் திரும்ப வரும் உடலசைவுக்கும் அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அதனால் சான்றிதழுக்குக் காத்திருக்கும் அம்மாக்கள், உள்ளே போனதும் பிள்ளை கை உதற வேண்டுமே என்று வேண்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதே அம்மா மறுநாள் பள்ளி வாசலில், உதறாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார். ஒரே கை, ஒரே உதறல்.

என்னிடம் வருவதற்கு முன் 9 மாதம் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே எடுத்த முதல் குறிக்கோளே கை உதறலை நிறுத்துவதுதான். முறை எளிது. மேசைக்கு எதிரே உட்கார வைத்து 'ஹேண்ட்ஸ் டவுன்' என்றால் இரண்டு உள்ளங்கையும் மேசை மேல் இருக்க வேண்டும். எடுத்தால் பயிற்சியாளர் மணிக்கட்டைப் பிடித்துப் பத்து எண்ணும் வரை அழுத்தி வைப்பார். எடுக்காமல் இருந்தால் ஒரு ஜெம்ஸ் மிட்டாய். மையத்துக் கோப்பை வாங்கிப் பார்த்தேன். நேர்த்தியான வரைபடம், கோடு மேலிருந்து கீழே அழகாக இறங்கியிருந்தது. கடைசிப் பக்கத்தில் 'குறிக்கோள் எட்டப்பட்டது' என்று முத்திரை.

அம்மா வேறொரு நோட்டைக் கொண்டுவந்தார், பால் கணக்கு நோட்டு. ஒவ்வொரு தேதிக்கும் எத்தனை பாக்கெட் என்று எழுதியதற்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். "அவன் கடிச்சா ஒரு கோடு போடுவனுங்க மிஸ். யாரும் போடச் சொல்லல. சும்மா போட்டேன்." முதல் மாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். நான்காம் மாதம் தினமும். மையத்தில் 'எட்டப்பட்டது' என்று முத்திரை குத்திய அந்த வாரத்தில் பால் கணக்கே தெரியாத அளவுக்குக் கோடுகள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. மையத்தாரைக் குறை சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்து இறக்கி வைத்திருக்கிறேன், அவர்கள் வீட்டில் பால் கணக்கு நோட்டு இருந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த மேசை மேல் கை வைக்கும் முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1960களின் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போக வேண்டும். நார்வேயில் பிறந்து கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் இவார் லோவாஸ், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பரிசும் தண்டனையும் கொடுத்து நடத்தையை மாற்றலாம் என்று காட்ட முனைந்தார். 1965இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 5 வயது இரட்டையர் இருவர், வெறுங்காலோடு, மின்சாரம் பாயும் தரையில் நிற்க வைக்கப்பட்டார்கள். அவர்கள் ஆடுவதையும் அசைவதையும் நிறுத்துவது அந்தச் சோதனையின் ஒரு பகுதி. அதே வருடம் லைஃப் இதழ், அவர் பிள்ளைகளை அதட்டுவதையும் அறைவதையும் படங்களோடு வெளியிட்டது. யாரும் ஒளித்துச் செய்யவில்லை. 1987இல் வந்த அவருடைய பெரிய ஆய்வுதான் உலகத்தை மாற்றியது. வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் இயல்பான நிலையை எட்டினார்கள் என்றது. உரத்த குரலில் 'நோ' சொல்வதும் தொடையில் அறைவதும் பயிற்சியில் உண்டு என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறது. இடையில் 1972இல் கோகல், கோவர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும், இப்படி ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை, ஆட்டத்தை அடக்கியதும் ஏறியது என்று ஒருசில பிள்ளைகளை வைத்துச் சொன்னார்கள். அது வேதவாக்காகிவிட்டது. பிற்காலத்தில் அறை பெரும்பாலும் போயிற்று, மிட்டாய் வந்தது. கை அசையக் கூடாது என்ற குறிக்கோளை மட்டும் யாரும் எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை.

கை உதறுகிறவர்களிடமே போய் ஏன் என்று கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று, ஸ்டீவன் காப் முதலானோர் செய்தது, 2019இல்தான் வந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான்: சத்தமும் வெளிச்சமும் நினைப்பும் பொங்கும்போது இதுதான் எங்களை நிலைநிறுத்துகிறது, மகிழ்ச்சியும் இதில்தான் வெளியே வருகிறது, ஊர் முறைப்பதால் ஒளித்துச் செய்கிறோம், இதை ஒழிக்கும் சிகிச்சை வேண்டாம்.

ஆனால் எங்கள் பையன் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் தேவைப்படவே இல்லை. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று நம் பள்ளிக்கூடங்கள் எத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகின்றன. உட்கார்ந்து காலாட்டினால் லட்சுமி தங்க மாட்டாள். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும். அப்பத்தா என்னிடம் அடிக்கடி எடுத்து வீசிய பழமொழி 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.' இப்போது நிறுத்தாவிட்டால் மாப்பிள்ளைக் கோலத்திலும் உதறிக்கொண்டு நிற்பான் என்ற பயம் அதற்குள் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உண்டு. பையனின் அத்தை மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை என்று பேச்சு வந்தால் பெண் எடுக்க யோசிப்பார்கள். போன வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு இவன் உதறி, முனகி, ஒறம்பரைகளெல்லாம் திரும்பிப் பார்த்து, "எங்காச்சும் மந்திரிச்சுப் பாத்தீங்களா" என்று கேட்டு, அதற்குப் பிறகு அம்மாவும் பையனும் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. தொட்டில் என்று நாம் சொல்வதே ஆட்டத்தைத்தான். பிள்ளை அழுதால் தூளியில் போட்டு ஆட்டுகிறோம், மடியில் போட்டுக் காலை ஆட்டுகிறோம், முதுகில் ஒரே தாளத்தில் தட்டுகிறோம். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் அசைவு மனசை அடக்கும் என்று தாலாட்டுப் பாடிய எல்லாருக்கும் தெரியும். வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகள் வரிசையாக ஆடிக்கொண்டேதான் சொன்னோம். பிள்ளை அதையே தானாகச் செய்துகொண்டால் மட்டும் குற்றமாகிவிடுகிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் போகும்போதெல்லாம் நின்றுகொண்டேதான் பேசுவார், கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். மரியாதைக்கு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். பேசும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து சாவிக்கொத்து சத்தம் ஓயாமல் கேட்கும். பிறப்பு விவரங்களைக் குறித்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டேன்.

"நானே இப்படித்தான் இருந்தனுங்க மிஸ். எங்கம்மா சரி பண்ணிட்டாங்க."

பெருமையாகத்தான் சொன்னார். எப்படிச் சரி பண்ணினார்கள் என்று கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்றார்.

2019இல் வெளியான ஓர் ஆய்வு டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் 20 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து, ஆட்டிசம் ஒருவருக்கு இருப்பதற்கும் இன்னொருவருக்கு இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபுவழி வருவது என்றது. அதை வைத்து அப்பாவுக்கும் ஆட்டிசம் என்று நான் கோப்பில் எழுதவில்லை, எழுத எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் கை உதறல் ஒரு பக்கம் இறங்கி வந்திருக்கிறது, அதை நிறுத்தும் கை இன்னொரு பக்கம் இறங்கி வந்திருக்கிறது. இரண்டும் ஒரே ரத்தத்தில்.

மூன்று வாரம் கழித்து, அப்பா பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில், அப்பத்தாவே சொன்னார். அவர் ஒரு நூற்பாலையில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவர். அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது, நாலு வீடு கேட்கிற குரலுக்கு அதுதான் காரணம். (அந்தக் குரலுக்குத்தான் பையன் காதைப் பொத்திக்கொள்கிறான். காது போனவருக்கும் காது கூர்மையானவனுக்கும் ஒரே வீடு.) பெண் தொழிலாளர்கள் அதிகம் உள்ள ஆலையில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அப்போதைய தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அந்த மில்லிலும் இருந்தது. பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவார்.

"அந்த ஆயா சொல்லிப்போட்டா அம்மிணி, இந்தப் பையன் இப்படிக் கையக் கைய அடிச்சுட்டுச் சுத்தீட்டே இருந்தான்னா நான் பாக்க மாட்டேன், கூட்டீட்டுப் போயிருன்னு. அவ பாக்கலீன்னா நான் எப்படி வேலைக்குப் போறது? இவுங்கப்பன் குடிச்சுட்டுத் திண்ணையில கெடக்குறாரு. பழைய சேலையக் கிழிச்சு, ராத்திரியில ரெண்டு கையையும் முதுகுப் பக்கம் சேத்துக் கட்டிப்போடுவேன், பழகட்டும்னு. ஒரு வெயில்காலம் பூராத்துக்கும். அழுதுட்டே தூங்குவான். நானும்தான் அழுதேன். ஆனா நின்னுபோச்சு பாருங்க."

இந்த இடத்தில் நான் செய்த தப்பை எழுதியாக வேண்டும். மருமகள் பக்கத்தில் இருக்கும்போதே, "அது பெரிய கொடுமைங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் காப்பகத்து ஆயாவின் வாய்க்கும் மில் சங்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அன்று வேறு எந்த வழி இருந்தது என்று யோசிக்காமல் சொன்னேன். இரண்டு மாதம் அப்பத்தா என்னோடு பேசவில்லை. வாசலில் போய் நின்றால் 'வாங்க' வராது. கொங்குப் பக்கத்தில் 'வாங்க' சொல்லாமல் விடுவது கதவைச் சாத்துவதற்குச் சமம். அந்த இரண்டு மாதமும் நான் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் நான் தெருமுனை தாண்டும் முன்பே ரத்தாகிவிடும். அம்மாவால் மாமியாரை மீற முடியாது, அப்பா எந்தப் பக்கமும் பேச மாட்டார்.

கதவு திறந்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. ஒரு நாள் அம்மாவின் நோட்டில் சனிக்கிழமைகளில் மட்டும் கோடு குறைவாக இருப்பதைப் பார்த்தேன். ஏன் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. திண்ணையிலிருந்து அப்பத்தா, என்னைப் பார்க்காமலேயே, சுவரிடம் சொல்வதுபோல் சொன்னார்: "சனிக்கெழம நான் உளுந்து களையறப்ப அவனும் கைய உட்டு அளஞ்சுட்டு இருப்பான். தண்ணிக்குள்ள எத்தன ஒதறுனா யாருக்கென்ன. பொறவு கடிக்க மாட்டான்." இதைக் கவனித்தவர் அவர்தான், கோப்பிலும் அப்படித்தான் எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து உளுந்து, அரிசி, பாசிப்பயறு எது களைந்தாலும் பையன் வேலை. தவிட்டு நிறத் தண்ணீருக்குள் பத்து விரலும் மீன்குஞ்சு மாதிரி துடிக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது பெரிய சிகிச்சையெல்லாம் இல்லை. உதறுவதை யாரும் தொடக் கூடாது, கடிப்பதை மட்டும் பார்க்க வேண்டும் என்று பிரித்தோம். கடிப்பதற்குக் கடிக்கிற மாதிரி ஒரு ரப்பர் வளையம் கழுத்தில் தொங்கியது. எப்போது கடிக்கிறான் என்று அம்மாவின் நோட்டை வைத்தே பார்த்தோம். மூன்று காரணம் வந்தது: கையைப் பிடித்தால், திடீர்ச் சத்தம் கேட்டால், காத்திருக்கச் சொல்லி எவ்வளவு நேரம் என்று சொல்லாவிட்டால். முதல் காரணம் நாமே உண்டாக்கியது, அதை நிறுத்தியதும் பாதிக் கோடு காணாமல் போனது. சத்தத்துக்கு அப்பா பட்டறையிலிருந்து தம்முடைய காது கவசத்தைக் கொண்டுவந்தார், கிரைண்டிங் வேலையின்போது மாட்டுகிற மஞ்சள் நிறக் கவசம். மில்லில் தம் அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று. காத்திருப்பதற்கு எண்கள் உதவின. 'அப்புறம்' என்றால் கடிப்பான். 'நாப்பது எண்ணு' என்றால் எண்ணுவான்.

எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சனிக்கிழமை கிரைண்டருக்குப் பின்பக்கம் பெல்ட் ஓடும் இடத்தில் விரலைக் கொண்டுபோய்விட்டான், அம்மா இழுத்துக் காப்பாற்றினார். அங்கே 'கூடாது' என்பது தேவைதான். ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதில் உட்கார்ந்து உதறலாம், பலகையைத் தாண்டினால் சுவிட்ச் அணையும் என்று வைத்தோம். இரண்டே நாளில் புரிந்துகொண்டான். சுவிட்ச் அணைவதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை.

பள்ளி அவ்வளவு சுலபமாக வரவில்லை. வகுப்பு டீச்சர் நல்லவர். தலைமையாசிரியர் மட்டும், "ஒருத்தனுக்கு விட்டா முப்பது பேரும் ஆடுவாங்க மேடம்" என்றார். அவர் சொன்னது நடந்தது. கையை யாரும் பிடிக்க வேண்டாம் என்று முடிவான வாரத்தில் மொத்த வகுப்பும் கை உதறியது. நாலு நாள். ஐந்தாம் நாள் சலித்துப்போய் ரப்பர் பேண்டு விளையாட்டுக்கு மாறிவிட்டார்கள். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலைத் தண்டிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். பையிலிருந்து எடுக்கவில்லை. சட்டத்தைக் காட்டினால் கையை விடுவார்கள், ஆளையும் விட்டுவிடுவார்கள் என்று பட்டது.

அங்கே உண்மையான எதிரி மணிதான். தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்பால் அடிக்கிற பழைய பள்ளி மணி, இரண்டாம் வகுப்பு ஜன்னலுக்கு நேரே. பையனை எதிர்ச் சுவர் ஓரம் மாற்றினோம். மணியடிக்கும் முன் டீச்சர் பச்சை அட்டை காட்டுவார், அவன் கவசத்தை மாட்டிக்கொள்வான். டீச்சர் மறந்த நாளில் கடிப்பான். காலைப் பிரார்த்தனையில் எல்லாரும் விறைத்து நிற்கும்போது அவன் கடைசி வரிசையில் நின்று உதறுவான். அதற்குத் தலைமையாசிரியர் இன்னும் முகம் சுளிக்கிறார். மணியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அது பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிற மணி என்றார்.

அப்பாவோடு தனியாகப் பேசக் கிடைத்தது ஒரே ஒரு தடவை, பட்டறை வாசலில் டீக்கடையில். சேலை விவகாரத்தை மனைவி சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் டீ டம்ளரையே சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "கூட்டத்துல நின்னா என் கை தானா முதுகுப் பக்கம் போயிருங்க மிஸ். பணிவா நிக்கறான்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கும் ஏன்னு தெரியாது" என்றார். அம்மாவிடம் கேட்டீர்களா என்றேன். "எதுக்குங்க, வெசனப்படுவாங்க." அவ்வளவுதான். லேத் திரும்ப ஓடத் தொடங்கியதும் எழுந்து போய்விட்டார். அவர் மகன் கையை அவர் ஒரு நாளும் பிடித்ததில்லை என்று அம்மா பிறகு சொன்னார். பிடித்தவர்களைத் தடுத்ததும் இல்லை.

இப்போது 11 மாதம் ஆகிறது. பையன் இன்னும் வாக்கியமாகப் பேசுவதில்லை. உதறுவதும் குறையவில்லை, கூடியிருக்கலாம். மணிக்கட்டுக் காய்ப்பு உரிந்து புதுத்தோல் வந்திருக்கிறது, அதன்மேல் அங்கங்கே புதுத் தடங்கள். மணியடித்த நாட்கள் அவை. அப்பத்தா மாறிவிட்டார் என்று எழுத மாட்டேன். அரைஞாண் கயிற்றில் மந்திரித்த தாயத்து இருக்கிறது. வீட்டுக்குள் உதறினால் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறார், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் "கைய வெய்யி சாமி" என்கிறார்.

போன மாதம் அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. அம்மா முதல் தடவையாக, அவன் வராவிட்டால் நானும் வரவில்லை என்றிருக்கிறார். மஞ்சள் கவசத்தோடு மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள், ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பத்தா. நாதஸ்வரம் ஆரம்பித்ததும் பையனுக்குக் கை எழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து தலைகள் திரும்பின. அப்பத்தா அவன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. தம் பட்டுச்சேலை முந்தானையை எடுத்து அவன் மடியோடு கையையும் சேர்த்து மூடிவிட்டார். அதற்குள் அவன் மேளம் முடிகிற வரைக்கும் உதறிக்கொண்டே இருந்தானாம்.

இதைக் கோப்பில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மறைத்தார் என்று எழுதலாம், விட்டார் என்றும் எழுதலாம். அம்மாவிடம், அன்று நோட்டில் எத்தனை கோடு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க மிஸ். அத்தைதான், பட்டு கசங்கிப்போச்சு, ஜரிக நூலெல்லாம் பிரிஞ்சுபோச்சுன்னு ரெண்டு நாளா சொல்லீட்டே இருக்காங்க."